ழாவருக்கு வாய் இல்லை

பிப்ரவரி 3, செவ்வாய்

இயக்குநர் இந்த டைரியைக் கையில் கொடுத்து, "என்ன செஞ்சீங்க, எந்தக் கலவை எவ்வளவு, எது சொதப்புச்சு, எல்லாத்தையும் தினமும் எழுதி வைங்க சார்" என்றார். அதனால் எழுதுகிறேன். எனக்கு இது பழக்கமில்லாத வேலை.

பெயர் தளவாய். வயது ஐம்பது. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில் இருபத்து நான்கு வருடமாகச் சிலிகானில் காது, மூக்கு, விரல் செய்கிறேன். விபத்திலும் புற்றுநோயிலும் இழந்தவர்களுக்காக. நான் செய்த காதை மாட்டிக்கொண்டு ஒருவர் பஸ்ஸில் ஏறினால் யாரும் இரண்டாம் முறை பார்க்கக் கூடாது. பார்க்காவிட்டால் என் வேலை சரி. இந்த ஆதிரை என்கிற முப்பத்தொரு வயது சினிமா இயக்குநருக்கோ ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு முகம் வேண்டுமாம். வேற்றுக்கிரகவாசி முகம். நான்கு மாதம் விடுப்பு போட்டிருக்கிறேன்.

கதை இதுதான். நம் ஊர்ப் பெண் ஒருத்தி, மண்ணையும் பாறையையும் ஆராய்கிறவள், ஒரு செம்மண் கிரகத்தில் விழுந்துவிடுகிறாள். கலம் உடைந்துவிட்டது. அங்கே வசிக்கிற ஒரு ஜீவன் அவளைக் கண்டெடுத்துப் பார்த்துக்கொள்கிறது. அந்த இனத்துக்குப் பெயர் ழாவர்.

"ழகரத்துல ஆரம்பிக்குதேம்மா. தமிழ்ல அப்படி வராதே" என்றேன். பள்ளிக்கூட இலக்கணம் அவ்வளவு ஞாபகம் இருக்கிறது.

"அதனாலதான் சார். பேரைப் படிக்கும்போதே இவங்க நம்ம பூமிக்காரங்க இல்லன்னு தெரிஞ்சிடும்ல."

கெட்டிக்காரப் பெண்.

பிப்ரவரி 6, வெள்ளி

களிமண் இருபது கிலோ வந்தது. முதல் முகம் செய்தேன். பல்லி மாதிரி இருந்தது. பிசைந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்

இரண்டாவது முகம் மாடு. மூன்றாவது, எங்கள் துறைத் தலைவர். அவர் பார்த்தால் வருத்தப்படுவார்.

தயாரிப்பாளர் தாமோதரன் வந்தார். மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பல்லு எங்க?" என்றார்.

"இவங்க யாரையும் கடிக்க மாட்டாங்க சார். அடிபட்ட பொண்ணைப் பாத்துக்கறாங்க" என்றார் ஆதிரை.

"பாத்துக்கறதுக்கும் பல்லு வேணும்ல?"

டீ வந்தது. குடித்தோம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் எதுவும் ஓடவில்லை. கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாமல் ஒரு காது செய்தேன். பழக்க தோஷம். களிமண் நிறைய இருந்ததால் காது பெரிதாகி ஒரு பூசணிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் ஆதிரை அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"சார், இதுதான் முகம்."

"இது காதும்மா."

"ஆமா. முகம் முழுக்கக் காது."

மதியச் சாப்பாட்டை மறந்து பேசினோம். ழாவருக்கு வாய் கிடையாது. ஈரச் சேற்றில் கையை ஊற வைத்தால் உள்ளங்கை வழியாகவே உணவு ஏறிவிடும். மூச்சு கழுத்து வழியாக. கண் இரண்டும் மேலே, ஓரத்தில், சிறிதாக. மீதி இடமெல்லாம் மடிப்பு மடிப்பாகக் காது. சும்மா இருக்கும்போது மடிப்புகள் வெற்றிலைச் சுருள் மாதிரி மூடியிருக்கும். யாராவது பேசினால் ஒவ்வொன்றாகத் திறக்கும். பேச்சு என்பதே இல்லாத இனம். கேட்பதுதான் அவர்களுக்குப் பேச்சு.

"உங்களுக்கு எப்படி சார் இது தோணுச்சு?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சது காது ஒண்ணுதான்மா" என்றேன். உண்மையும் அதுதான். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

ழாவராக நடிக்க ஆறடி ஆள் வேண்டும். இரண்டு வாரமாக வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். எல்லோரும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கதாநாயகன் மாதிரியே நடந்தார்கள். ஆதிரை தலையில் கை வைத்துக்கொண்டார்.

இன்று ஒருவர் வந்தார். அஞ்சுகம். நெய்வேலியில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. நாற்பத்து மூன்று வயது, திருமணமாகாதவர். மாநில வாலிபால் போட்டிக்கு நடுவராக வந்தவரை உதவி இயக்குநர் பார்த்துக் கையோடு கூட்டிவந்துவிட்டார். உயரம் ஆறடி அரை அங்குலம். வாசற்படியில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து வந்தார், ஆனால் எங்கள் வாசல் ஏழடி. பழக்கம் போலிருக்கிறது.

"நடிச்சதெல்லாம் இல்ல. பொறந்ததுலருந்து எல்லாரும் என்னை வேற கிரகம் மாதிரிதான் பாக்கறாங்க. அந்த அனுபவம் உண்டு" என்றார்.

ஆதிரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல நகைச்சுவைதான்.

பிப்ரவரி 26, வியாழன்

முகத்தில் அச்சு எடுத்தேன். பல் அச்சுக்குப் பயன்படுத்துகிற அதே மாவு, ஆறு பங்கு. தண்ணீர் சற்றுக் குளிர்ச்சியாக. கண், வாய், காது எல்லாம் மூடிவிடும். மூக்குத் துவாரம் மட்டும் திறந்திருக்கும். பலர் பயந்து பாதியில் பிய்த்து எறிவார்கள். அதனால் கையைப் பிடித்துக்கொள்வது வழக்கம். நோயாளிகள் எல்லோருக்கும் செய்வதுதான்.

பதினெட்டு நிமிடம். கையை அசைக்கவில்லை. இடையில் ஒரு முறை லேசாக அழுத்தினார். "இன்னும் அஞ்சு நிமிஷம்தான்" என்றேன். அவருக்குக் கேட்டிருக்காது.

எடுத்த பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, "நல்லாத் தூங்கிட்டேன் சார்" என்றார்.

அச்சு நன்றாக வந்திருக்கிறது. இடது புருவத்தில் ஒரு சின்னத் தழும்பு. பந்து பட்டதாம்.

மார்ச் 10, செவ்வாய்

முகத்தின் சிலிகான் தோல் மூன்றாவது முயற்சியில் சரியாக வந்தது. நிறம்: செங்கல்லில் ஒரு துளி நீலம். மடிப்புகளைத் திறக்க உள்ளே கம்பி. கையுறையின் கட்டை விரலில் ஒரு வளையம். விரலை மடக்கினால் மடிப்பு திறக்கும். மொத்தம் ஒன்பது மடிப்பு.

உடம்புக்கு நுரை ரப்பர். தைப்பவர் நஸீர் பாய். அறுபது வயது. நாடகக் கம்பெனிக்கெல்லாம் உடுப்பு தைத்தவர். முதுகில் பெரிய ஜிப் வைத்திருக்கிறார். "கல்யாண ஷெர்வானி கூட நான் இவ்வளவு அக்கறையா தச்சதில்ல தளவாய்" என்கிறார்.

மார்ச் 21, சனி

அஞ்சுகம் வார இறுதிகளில் வருகிறார். முகத்தை மாட்டிக்கொண்டு பழகுகிறார். முதலில் ஒன்பது மடிப்பும் ஒரே சமயத்தில் படபடவென்று திறந்தன. பிறகு அவரே கண்டுபிடித்தார்: கட்டை விரலை மெல்ல மடக்கினால் வெளி மடிப்புதான் முதலில் திறக்கும். உள்ளே இருப்பது கடைசியில்.

"நாமளும் அப்படித்தானே சார். ஒருத்தர் பேச ஆரம்பிச்சதும் முழுசாவா கேக்கறோம்? மேலோட்டமாத்தான் ஆரம்பிக்கறோம்" என்றார்.

நான் இத்தனை வருடம் காது செய்து என்ன பயன்.

ஏப்ரல் 4, சனி

டீ குடிக்கும்போது விவாதம். ழாவரை "அது" என்பதா, "அவன்" என்பதா, "அவள்" என்பதா? தாமோதரன் "அது" என்கிறார். ஆதிரை "அவங்க" என்கிறார். நஸீர் பாய், "உசுரு இருந்தா அவருன்னு சொல்லிட்டுப் போறது. நாக்கு தேஞ்சா போயிடும்?" என்றார்.

நான் இந்தக் குறிப்புகளில் "அது" என்றே எழுதுவேன். பொருள் பொருள்தான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

முழு உடுப்பும் தயார். எடை பதினான்கு கிலோ. தலைக்குள் சின்ன மின்விசிறி, பாட்டரியில் ஓடும். நெஞ்சுப் பகுதியில் ஐஸ் பை வைக்க நான்கு பைகள். அஞ்சுகம் போட்டுக்கொண்டு தளத்தில் நடந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். உடுப்புக்குள் அவர் குனிவதே இல்லை. ஆறடி அரை அங்குலமும் நிமிர்ந்து நிற்கிறார்.

லைட் ஆட்கள் அதற்குள் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். சம்பந்தி. வெளியூரிலிருந்து வந்திருக்கிறாராம், ஒரு வார்த்தை பேச மாட்டாராம், நாற்காலி போட வேண்டுமாம், நாலு பேர் நின்று விசிற வேண்டுமாம். "சம்பந்தி வந்தாச்சு, ஃபேனைத் திருப்புடா!"

மே 4, திங்கள்

தேரிக்காடு. திருச்செந்தூருக்கு மேற்கே, சிவப்பு மணல் மேடு மேடாகப் போகிறது. வேறு கிரகம் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். நடுவே நிற்கிற பனைகளை மட்டும் கணினியில் அழித்துவிடுவார்களாம். பாவம்.

நான் பிறந்த ஊருக்குப் பக்கத்து ஜில்லாதான். சூடு எனக்குப் பழக்கம். ஆனால் பதினான்கு கிலோ ரப்பருக்குள் யாருக்குப் பழக்கம் இருக்கும்? இருபது நிமிடத்துக்கு மேல் உடுப்போடு வெயிலில் நிற்கக் கூடாது என்று ஆதிரையிடம் எழுதி வாங்கிக்கொண்டேன். உடம்பு முடியாவிட்டால் இடது கையில் இரண்டு விரலைத் தூக்க வேண்டும் என்று அஞ்சுகத்துடன் பேசி வைத்தேன்.

படப்பிடிப்பு இடத்துக்கு அனுமதி 31ஆம் தேதி வரை. அஞ்சுகத்துக்குப் பள்ளி திறப்பது ஜூன் முதல் வாரம். அதற்குள் முடிய வேண்டும்.

மே 8, வெள்ளி

காலையில் பதநீர்க்காரர் வந்தார். அஞ்சுகம் மூன்று ஓலைப் பட்டை நிறையக் குடித்தார். உடம்புக்குக் குளிர்ச்சி என்று நாளையிலிருந்து தினம் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். எல்லோருக்கும்தான்.

பனையோலை விசிறி ஒன்று வாங்கினேன்.

மே 11, திங்கள்

ஒரு விஷயம் கவனித்தேன். ஷாட்டுக்கு நடுவே ழாவர் பந்தலில் உட்கார்ந்திருக்கும்போது ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அதனிடம் பேசுகிறார்கள். முதலில் விளையாட்டாக. பிறகு அப்படி இல்லை. கிரேன் தள்ளுகிறவர் தன் மகளின் மாமியார் வீட்டைப் பற்றிக் கால் மணி நேரம் சொன்னார். மடிப்புகள் திறந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

முகத்தைக் கழற்றும்போது அஞ்சுகத்திடம் கேட்டேன்.

"உள்ள நான்தான் இருக்கேன்னு எல்லாருக்கும் தெரியும் சார். தெரிஞ்சும் சொல்றாங்க. ஆனா இதைக் கழட்டிட்டு வெளிய வந்தா, வணக்கம் மேடம்னு ஒதுங்கிடறாங்க" என்றார்.

"உங்களுக்குப் பாரமா இல்லையா?"

"இல்ல சார். கிரவுண்டுல நான் விசில் அடிச்சிக்கிட்டே இருக்கேன். யாரும் எங்கிட்ட வந்து எதையும் சொன்னதில்ல."

பசையை எண்ணெய் தொட்டு மெதுவாக எடுக்க வேண்டும். நாற்பது நிமிடம் ஆகும். தோல் சிவக்கக் கூடாது.

மே 13, புதன்

வெளிச்சம் சரியில்லை என்று மதியம் அரை மணி நேரம் காத்திருந்தோம். நஸீர் பாய் தொழப் போயிருந்தார். பந்தலில் நான் ழாவருக்கு விசிறிக்கொண்டிருந்தேன். ஏதோ பேசினேன். இங்கே எழுதுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

காந்திமதியைப் பற்றித்தான். என் மனைவி. போய் ஒன்பது வருடம் ஆகிறது. வயிறு வலிக்கிறது என்று அவள் முதலில் சொன்னது தைப்பூசத்தன்று. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவன் நான். மாத்திரை போட்டுக்கோ என்றேன். சித்திரையில் சொன்னாள். ஆடியில் சொன்னாள். யாருடைய காதையோ செய்துகொண்டே "ம்" என்றேன். ஐப்பசியில் டாக்டர் சொன்னபோதுதான் எனக்குக் கேட்டது.

இவ்வளவுதான் சொன்னேன்.

மடிப்புகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒன்பதாவது வரை. அவ்வளவு உள்ளே அது திறக்கும் என்று எனக்கே தெரியாது, நான்தான் செய்தேன். பிறகு அவர் தன் கையை நீட்டி என் விசிறியை வாங்கி எனக்கு விசிறினார்.

மேலே "அவர்" என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.

மே 17, ஞாயிறு

படப்பிடிப்பு நின்றது. அஞ்சுகம் மயங்கிவிட்டார். ஜிப் மாட்டிக்கொண்டதால் உடுப்பை அறுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். பயமில்லை என்கிறார்கள்.

மே 18, திங்கள்

நேற்று விவரமாக எழுத முடியவில்லை.

காலை பத்தரை. மணல் மேட்டில் ழாவர் நிற்க வேண்டும், கீழே கிடக்கிற கதாநாயகி பேச வேண்டும். நீளமான வசனம். நான் கேமராவுக்குப் பின்னால் இருந்தேன். அவள் பேசப் பேச மடிப்புகள் திறந்தன. நான்காவது வரை வந்து நின்றுவிட்டன. நடிப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. இரண்டு விரலும் மேலே போகவில்லை. ஆனால் எனக்கு அந்த நான்காவது மடிப்பு தெரியும். அங்கே அவர் ஒருபோதும் நிறுத்த மாட்டார்.

ஓடினேன். யாரோ "கட் சொல்லல சார்!" என்று கத்தினார்கள். நான் போய்ச் சேர்வதற்கும் அவர் சாய்வதற்கும் சரியாக இருந்தது. தலைக்குள் மின்விசிறியின் பாட்டரி செத்திருந்தது. இடுப்பில் இருந்த கத்தியை எடுத்துத் தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரே இழுப்பு. ழாவர் முகத்தைப் பிய்த்து எடுத்தேன். மூச்சு இருந்தது. உடம்பு கொதித்தது. ஐஸ் தண்ணீர் ஊற்றினோம். ஜீப்பில் போகும் வழியிலேயே கண் திறந்துவிட்டார்.

இன்று தாமோதரன் வந்தார். கிழிந்து கிடந்த உடுப்பைப் பார்த்தார். இருப்பது ஒன்றே ஒன்று, இன்னொன்று கிடையாது.

"எதுக்கு சார் முன்பக்கம் அறுத்தீங்க? முதுகுல ஜிப் இருக்குல்ல?"

"மாட்டிக்கிச்சு" என்றேன்.

அவர் குனிந்து ஜிப்பைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று கீழே வரை வந்தது. மேலே தள்ளினார். சர்ரென்று போனது. நஸீர் பாய் வேறு பக்கம் பார்த்தார். ஆதிரை என்னைப் பார்த்தார். முப்பது பேர் நின்றிருந்தார்கள்.

"பொய் சொல்லிட்டேன் சார். ஜிப்பைத் தொடவே இல்ல. அப்படி ஒண்ணு இருக்கறதே எனக்கு ஞாபகம் வரல" என்றேன்.

"நாலு மாசம் உக்காந்து நீங்களே செஞ்சது. அறுக்கும்போது கை நடுங்கலையா?"

"இல்ல."

அவர் உடுப்பைத் திருப்பிப் போட்டார். கிழிந்த இரண்டு ஓரத்தையும் மெதுவாகச் சேர்த்து வைத்துவிட்டு, "எத்தனை நாள்ல சரி பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"ஆறு நாள்."

மே 20, புதன்

டாக்டர் ஒரு வாரம் வெயிலில் போகக் கூடாது என்றிருக்கிறார். அஞ்சுகத்தின் அண்ணன் நெய்வேலியிலிருந்து வந்து, "வயசான காலத்துல இது தேவையா?" என்று திட்டிக் கூட்டிப்போய்விட்டாராம். வயசான காலமா? நாற்பத்து மூன்று.

அவர் இனி வர மாட்டார் என்று சென்னையிலிருந்து உயரமான ஒரு ஆளை வரவழைத்தார்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் சொல்லித்தருகிறவர். நல்ல பையன், மரியாதையானவர். முதலில் சரியாக வராமல் ஒதுக்கிய சிலிகான் முகத்தில் கம்பி கோத்து மாட்டிப் பார்த்தோம். மடிப்புகளைக் கடை ஷட்டர் மாதிரி திறந்து திறந்து மூடினார். கிரேன் தள்ளுகிறவர் எதிரில் போய் நின்று பார்த்துவிட்டு, "இது நம்ம சம்பந்தி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஒட்டுகிற வேலையைப் பார்த்தேன். சிலிகான் பசை, இரண்டு பூச்சு. எட்டு மணி நேரம் காய வேண்டும். எங்கும் கவனம் சிதறவில்லை. ஒரே ஒரு தடவை பசைக்குப் பதிலாக டீயில் தூரிகையை முக்கிவிட்டேன்.

மே 22, வெள்ளி

மதியம் ஒரு டவுன் பஸ் தேரி ஓரத்தில் நின்றது. குடை பிடித்துக்கொண்டு ஒரு உருவம் இறங்கியது. அவ்வளவு உயரத்தில் குடையைப் பார்த்ததும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. லைட் ஆட்கள் கைதட்டினார்கள்.

அண்ணனிடம் சொல்லிவிட்டே வந்தாராம். "முதல் தடவையா நான் உயரம்ங்கறதுக்காக ஒருத்தங்க கூப்பிட்டிருக்காங்க. பாதியில விட மாட்டேன்" என்று.

ஆதிரையிடம் ஒரே நிபந்தனை. "தளவாய் சார் நான் பாக்கற எடத்துல நிக்கணும். எந்த ஷாட்டா இருந்தாலும். அவ்வளவுதான்."

எல்லோரும் சரி என்றார்கள். பாதுகாப்புக்காகச் சொல்கிறார். நியாயம்தானே.

பிறகு உடுப்பின் ஒட்டுகளை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, "ஜிப் நல்லாத்தான் இருந்துச்சாமே?" என்றார்.

"யார் சொன்னா?"

"நஸீர் பாய்."

"அவருக்கு வேற வேலை இல்ல."

அவர் சிரித்தார். நான் பசை டப்பாவைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

மே 24, ஞாயிறு

என்ன செய்தாலும் நெஞ்சில் ஒரு கோடு தெரிகிறது. இருபத்து நான்கு வருடத்தில் ஒட்டு தெரிகிற மாதிரி ஒரு வேலையை நான் வெளியே அனுப்பியதில்லை. ஆதிரையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓடிப்போய் வசனத் தாள்களைக் கொண்டுவந்து மணலில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

புதுக் காட்சி: கலத்தின் உடைந்த தகடு ழாவரைக் கிழித்துவிடுகிறது. இதுவரை பார்த்துக்கொள்ளப்பட்ட பெண், இப்போது ழாவரைப் பார்த்துக்கொள்கிறாள். காயத்தைத் தைக்கிறாள்.

தாமோதரனுக்கு ஃபோனில் சொன்னார். "கைக்குட்டையைத் தேடிக்கிட்டிருக்கேன்மா, எடுங்க" என்றாராம். பல்லைப் பற்றி அவர் பேசியே இரண்டு மாதம் இருக்கும்.

மே 27, புதன்

தையல் காட்சி எடுத்தோம். கதாநாயகிக்குத் தைக்கத் தெரியவில்லை. நஸீர் பாயின் கை மட்டும் கிட்டத்தில் தெரிகிற மாதிரி எடுத்தார்கள், வளையல் போட்டு. அவர் கூச்சப்பட்ட கூச்சம்!

நான் அஞ்சுகம் பார்க்கிற இடத்தில் நின்றேன். விசிறிக்கு இப்போது இரண்டு பாட்டரி. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நானே நிறுத்தினேன். யாரும் முறைக்கவில்லை.

மே 30, சனி

கடைசி ஷாட். மீட்புக் கலம் வந்துவிட்டது. அவள் போக வேண்டும். ழாவர் மேட்டில் நிற்கிறார். அவள் ஒன்றும் சொல்லாமல் போகிறாள், ஏனென்றால் அழுகை. பேச்சே இல்லை, கேட்க ஒன்றுமில்லை. ஆனாலும் மடிப்புகள் திறந்தன. ஒன்பதும். கலம் போன திசையைப் பார்த்தபடி அப்படியே நின்றார். ஆதிரை கட் சொல்ல மறந்துவிட்டார்.

முகத்தைக் கழற்ற இன்று ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. பசை கொஞ்சம் அதிகமாகப் போட்டிருந்தேன் போலிருக்கிறது. அஞ்சுகம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, "அவ்வளவுதானா சார்?" என்றார்.

"அவ்வளவுதான்" என்றேன்.

ஜூன் 8, திங்கள்

ஆய்வகம். விடுப்பு முடிந்தது. ஒரு கண்டக்டருக்கு வலது காது. நிறம் நன்றாக வந்தது. படம் முடிந்துவிட்டதால் இனி இந்த டைரியில் எழுதக் காரணம் இல்லை.

ஜூன் 9, செவ்வாய்

நிறம் கொஞ்சம் சரிசெய்தேன். அஞ்சுகம் ஃபோன் செய்தார். பள்ளி திறந்துவிட்டதாம்.

ஜூன் 13, சனி

கண்டக்டர் காதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார். விபத்து நடந்த அன்று பஸ்ஸில் யார் யார் இருந்தார்கள் என்றெல்லாம். வழக்கமாக அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவேன். இன்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் பேசினார்.

மாலை இதை அஞ்சுகத்திடம் சொன்னேன். அவரிடம்தானே சொல்ல முடியும். அவர் தன் வாலிபால் அணிப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னார். பந்தைத் தடுப்பதில் புலியாம், பரீட்சை என்றால் பூனையாம். ஃபோனை வைக்கும்போது சாதம் குழைந்துபோயிருந்தது.

ஜூலை 19, ஞாயிறு

ஆதிரை எடிட் செய்த படத்தைப் போட்டுக் காட்டினார். பனைகளை அழித்துவிட்டார்கள். ழாவர் ஒரு நொடியில் கூட உடுப்பாகத் தெரியவில்லை. தாமோதரன் முன் வரிசையில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொங்கலுக்கு வெளியீடு. பெயர் போடுமிடத்தில் "ழாவர்: அஞ்சுகம்" என்று தனியாக, பெரிதாக.

அஞ்சுகத்தால் வர முடியவில்லை. மண்டலப் போட்டிக்குப் பயிற்சி. அந்த ஒரு நிமிடத்தை மட்டும் பென் டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டேன். கூரியரில் அனுப்பினால் தொலைந்துபோகும்.

ஆகஸ்ட் 8, சனி

நெய்வேலி. பென் டிரைவைக் கொடுத்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. புதுச் சட்டை போட்டிருந்தேன், பழையதெல்லாம் துவைக்கப் போட்டிருந்ததால்.

பள்ளி மைதானத்தில் பதினான்கு பெண்கள் வலைக்கு இரு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அஞ்சுகம் விசிலோடு நடுவே. என்னைப் பார்த்ததும் விசிலை ஊத மறந்துவிட்டார். பந்து வெளியே போய்விட்டது. ஆட்டம் நின்றது. பதினான்கு பேரும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் அவருக்குத் தோள் உயரம்தான் இருப்பேன்.

பென் டிரைவை நீட்டினேன். "படத்துல உங்க பேர் வருது. அதைக் காட்டலாம்னு."

"இதுக்காகவா மெட்ராஸ்லருந்து பஸ் ஏறி வந்தீங்க?"

"ஆமா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு எனக்குத் தெரியும். உடுப்பே இல்லாமல் ஒன்பது மடிப்பும் திறந்திருந்தது. "இல்ல" என்றேன். "இதுக்காக இல்ல."

நீட்டிய பென் டிரைவ் இன்னும் என் கையில்தான் இருந்தது.

இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், அணித் தலைவி போலிருக்கிறது, பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "மிஸ், யாரு மிஸ் இந்த சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சுகம் திரும்பினார். முதுகை நிமிர்த்தி, மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

"என்னைப் பொண்ணு பாக்க வந்திருக்காருடி. கத்தாம ஒழுங்கா நில்லுங்க."

கத்தினார்கள். காகங்கள் பறந்தன. பக்கத்துக் கட்டிடத்திலிருந்து வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். அஞ்சுகம் வலையின் முடிச்சை இறுக்குவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நன்றாக இறுகியிருந்த முடிச்சுதான்.

தலைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "பொண்ணு புடிச்சிருக்கா சார்?"

"புடிச்சிருக்கு" என்றேன். "உங்க மிஸ்ஸுக்கு மாப்பிள்ளையைப் புடிச்சிருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க."

பதினான்கு தலைகளும் ஒரே சமயத்தில் வலைப் பக்கம் திரும்பின. நீளமாக ஒரு விசில் வந்தது. "எல்லாரும் கிரவுண்டை ரெண்டு சுத்து ஓடுங்க! போங்க!"

ஓடினார்கள். சிரித்துக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, செம்மண் தூசி பறக்க. தலைவி மட்டும் அவரருகே ஒரு நொடி நின்று ஏதோ கேட்டுவிட்டு ஓடினாள். மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு கத்தினாள்:

"புடிச்சிருக்காம் சார்!"